டிஸ்க் பாக்கியும் அபராதமும்: டர்பன் வண்டிக்காரர்களுக்கு

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமா ஒருவர் வீட்டுப் பின்புறம், மாமரத்தடியில், ஒரு பழைய டொயோட்டா கிரெஸிடா மூன்று வருஷமாகக் கிடந்தது. என்ஜின் போயாச்சு, நாலு டயரிலும் காற்று இல்லை, பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. வருஷா வருஷம் வண்டி லைசென்ஸ் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாகத் தருவதுதான் டிஸ்க். "ஓடாத வண்டிக்கு எதுக்குடா டிஸ்க்?" என்பது மாமாவின் கட்சி. பாக்கி, அபராதம் என்று தபாலில் வந்ததையெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் போட்டுவைத்தார். அப்புறம் மகள் வாங்கிக்கொடுத்த சின்ன வண்டிக்கு டிஸ்க் புதுப்பிக்கப் போனபோதுதான் சிக்கல். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் இன்னொரு வண்டிக்குப் பாக்கி நிற்கிறது, அதை முடிக்காமல் இதைப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷம் கடிதத்துக்கு அசையாத மனிதர் இரண்டே நாளில் முழுப் பணத்தையும் கட்டினார்.

நான் சொந்தக்காரர்களுக்கும் கோயிலில் தெரிந்தவர்களுக்கும் ரொம்ப காலமாக இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அபராதத் தொகையைக் கேட்டு யாரும் ஓடிப்போய்க் கட்டியதை அதிகம் பார்த்ததில்லை. எங்கேயாவது வழிமறித்தால் மட்டும் அன்றைக்கே கட்டிவிடுகிறார்கள். இது மனித சுபாவம், திட்டிப் பிரயோஜனமில்லை. ஆனால் அபராதம் எந்தக் கணக்கில் ஏறுகிறது, எந்த இடத்தில் நம்மை மறிக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் அதற்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடலாம். அதற்காகத்தான் இது.

முதலில் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சொந்தக் காருக்கு வாங்கும்போதே ஆயுள்கால வரி கட்டிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்படியில்லை, வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளம்தான் முன்கண்ணாடியின் இடது கீழ் மூலையில் ஒட்டும் வட்டக் காகிதம், அந்த டிஸ்க். வண்டியின் வெற்று எடையை வைத்துக் கட்டணம் போடுவார்கள். டிஸ்கில் டேர் என்று கிலோவில் இருக்கும் எண்தான் அது. விகிதத்தை ஒவ்வொரு மாகாணமும் தானே நிர்ணயிக்கிறது, நம் குவாசுலு-நடால் விலை கூடின பக்கத்தில்தான் இருக்கிறது. மாகாண அரசுகள் தாங்களாகத் திரட்டும் வருமானத்தில் பெரிய பங்கு இதிலிருந்துதான் வருகிறது, அதனால் விட்டுக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். (பக்கி என்றால் ஊரில் வசவு, இங்கே அது பின்னால் தொட்டி வைத்த வண்டி. "எங்க அப்பா ஒரு பக்கி வச்சிருக்கார்" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.)

சரி, இப்போது எழுந்துபோய் உங்கள் டிஸ்கைப் பாருங்கள், நிஜமாகவே. அதில் காலாவதி தேதி இருக்கும், அது எப்போதும் ஒரு மாதத்தின் கடைசி நாளாகத்தான் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து 21 நாள் சலுகை. அதற்குள் புதுப்பித்தால் அபராதம் கிடையாது, அந்த 21 நாளும் பழைய டிஸ்கோடு வண்டி ஓட்டலாம். மார்ச் 31 என்று இருந்தால் ஏப்ரல் 21 வரை. டிஸ்கில் ரெஜிஸ்டர் நம்பர் என்று இன்னொன்றும் இருக்கும், அது நம்பர் பிளேட்டில் உள்ளது அல்ல. பிளேட் மாறலாம், நம்மூர் பழைய என்டி பிளேட்டுகளே 2023 டிசம்பரிலிருந்து இசட்என் என்று முடியும் புது வகைக்கு மாறி வருகின்றன. ரெஜிஸ்டர் நம்பர் அந்த வண்டிக்கு ஆயுசுக்கும் ஒன்றுதான். டிஸ்கை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் படிவத்துக்கும் தேவையான எண்கள் எல்லாம் அந்த ஒரு வட்டத்தில் இருக்கின்றன.

இப்போது கணக்கு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பலரும் பாக்கி, அபராதம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பாக்கி என்பது கட்டாமல் விட்ட மாதங்களுக்கான கட்டணம், மாதத்துக்கு ஆண்டுக் கட்டணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அபராதம் அதற்கு மேல் வருவது, மாதத்துக்குக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு, மாதத்தில் ஒரு துண்டு போனாலும் முழு மாதமாக எண்ணுவார்கள். கணக்கு எளிதாக வர ஆண்டுக் கட்டணம் 600 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-இல் முடிந்ததை ஆகஸ்ட் நடுவில் போய்க் கட்டுகிறீர்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாதப் பாக்கி, ஐம்பது ஐம்பதாக 200. அபராதம் ஆகஸ்ட் துண்டையும் சேர்த்து ஐந்து மாதம், அறுபது அறுபதாக 300. புது வருஷத்துக்கு 600. ஆக 1,100 ராண்ட், கூடவே சின்னதாக ஒரு பரிவர்த்தனைக் கட்டணம். ஏப்ரல் 20-ஆம் தேதி போயிருந்தால் அபராதம் என்ற 300 இருந்திருக்காது.

இதிலிருந்து கைக்கு உதவும் ஒரு விஷயம். தாமதமாகிவிட்டது என்று வையுங்கள், இன்றைக்குத் தேதி 28. "எப்படியும் லேட், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று மனசு சொல்லும். அடுத்த வாரம் என்றால் அடுத்த மாதம், இன்னொரு அறுபது ராண்ட் அபராதம், இன்னொரு ஐம்பது பாக்கி. மாதத்துக்கு உள்ளே ஒரு நாள் முன்னே பின்னே போவதில் வித்தியாசமே இல்லை, மாதம் திரும்புவதில்தான் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கவுண்டரில் வரிசை வாசல் தாண்டி நிற்கும், ஆகவே 28 வரை விடாமல் 15-ஆம் தேதிவாக்கில் போய்விடுங்கள்.

அபராதத்துக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. ஆண்டுக் கட்டணத்தைத் தாண்டி அது ஏறாது. மாதம் பத்தில் ஒன்று என்றால் பத்தாவது மாதத்தில் உச்சிக்கு வந்துவிடும். அதன் பிறகு பாக்கி மட்டும்தான் ஏறும். நம் உதாரணத்தில் முதல் பத்து மாதம் மாதாமாதம் 110 ராண்ட் ஏறிய மீட்டர், பதினோராவது மாதத்திலிருந்து 50 ராண்ட் மட்டும்தான் ஏறுகிறது. யோசித்துப் பாருங்கள், ஒரு மாதம் தாமதித்தவனுக்கு இருக்கிற நெருக்கடி ஒரு வருஷம் தாமதித்தவனுக்கு இல்லை! என் மாமா போன்றவர்கள் இந்த விதியைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் "இனி என்ன பெரிசா ஏறிடப் போகுது" என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். தொகையும் பெரிய வலி தருவதாக இல்லை. மாதம் அறுபது ராண்ட் என்பது இரண்டு பேர் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) சாப்பிடுகிற காசுகூட இல்லை. அந்த அளவில் அபராதம் ஒரு விலை மாதிரி ஆகிவிடுகிறது, வரிசையில் நிற்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் வாடகை. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2000-இல் வெளியானது. பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போகும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடிவிட்டது. காசு கொடுக்கிறோமே, பிறகென்ன என்று ஆகிவிட்டது அவர்களுக்கு. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய உதாரணம், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் இ-டோல் என்ற நெடுஞ்சாலைச் சுங்கம். 2013 டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கியது, நெடுஞ்சாலை மேல் வளைவுகளில் கேமரா வைத்து வண்டிக்கு வண்டி பில் அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் கட்டவே இல்லை. பில்லும் எச்சரிக்கையும் மேல் மேல் வந்துகொண்டே இருந்தன, ஆனால் கட்டாதவனை யாரும் எங்கேயும் நிறுத்தவில்லை. 2015-இல் கட்டணத்தைக் குறைத்து, பழைய பாக்கியில் 60 சதவீதம் தள்ளுபடி என்றும், கட்டாதவருக்கு டிஸ்க் தரமாட்டோம் என்றும் அறிவித்தார்கள். அந்த இரண்டாவது விஷயத்தைச் செய்திருந்தால் கதையே மாறியிருக்கும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. 2024 ஏப்ரல் 11 நள்ளிரவோடு மொத்தத் திட்டத்தையும் மூடினார்கள். ஒழுங்காகக் கட்டிவந்த என் சகலை இன்றைக்கும் அதைச் சொல்லிப் பல்லைக் கடிக்கிறார். இதன் வால் டர்பன் வரை நீண்டிருக்கிறது: "பொறு, டிஸ்க் பாக்கிக்கும் ஒரு நாள் தள்ளுபடி வரும்" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய. தயவுசெய்து அந்தக் கணக்கில் இருக்காதீர்கள். இ-டோலில் இல்லாத தடை டிஸ்கில் இருக்கிறது, ரோட்டிலும் இருக்கிறது, கவுண்டரிலும் இருக்கிறது.

ரோட்டில் எப்படி? ஈஸ்டருக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் ரோட்பிளாக் வைப்பார்கள் என்பது தெரிந்ததுதான். இப்போது அதிகாரி குனிந்து டிஸ்கைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா முன்னாலேயே சொல்லிவிடும். அங்கே எழுதித் தரும் சீட்டு, நான் மேலே சொன்ன அபராதத்தோடு சம்பந்தமில்லாத தனி விஷயம். லைசென்ஸ் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டிய குற்றத்துக்கானது. அதைக் கட்டிவிட்டால் டிஸ்க் பாக்கி தீர்ந்தது என்று நினைத்தவர்கள் உண்டு, தீராது. இரண்டையும் கட்ட வேண்டும். நானும் ஒரு முறை ஹிக்கின்சன் ஹைவேயில் மாட்டினேன், காலாவதியாகி 24 நாள். பக்கத்தில் என் மனைவி, பின் சீட்டில் கோயிலுக்குக் கொண்டுபோன பொங்கல் பானை, பின்னால் வந்த வண்டியில் சம்பந்தி வீட்டார். சீட்டுத் தொகை இப்போது நினைவில்லை, சம்பந்தி அம்மா ஜன்னலை இறக்கி "என்ன ஆச்சு?" என்று கேட்டது மட்டும் அப்படியே இருக்கிறது.

கவுண்டரில் எப்படி? உங்கள் பெயரில் எந்த வண்டிக்காவது கட்டணமோ அபராதமோ நின்றால், அதைத் தீர்க்கும்வரை மற்ற வேலையையும் செய்ய மறுக்க லைசென்ஸ் அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. கணினியில் ஆளுக்கு ஆள் கணக்கு இருக்கிறது, வண்டிக்கு வண்டி மட்டுமல்ல. ஆகவே புது வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் பெயரில் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று, அங்கே போக்குவரத்து அபராதங்களுக்கு ஆர்ட்டோ என்ற தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. போக்குவரத்து அபராதம் வந்தால் 32 நாளுக்குள் கட்டினால் பாதி. விட்டால் நினைவூட்டல் கடிதம், அதையும் விட்டால் அமலாக்க உத்தரவு, அது விழுந்தால் டிஸ்க் கிடைக்காது. இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 ஜூலையில் சொல்லிவிட்டது. நாடு முழுக்கக் கொண்டுவருவதைப் பலமுறை தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அதற்காக ஜோபர்க்கில் கேமராவில் விழுந்த சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

இனி புதுப்பிக்கும் வேலை. இது சுலபம். அடையாள அட்டை, மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று, புதுப்பிப்பு அறிவிப்பு வந்திருந்தால் அது, வரவில்லையென்றால் ஏஎல்வி என்ற லைசென்ஸ் விண்ணப்பப் படிவம். அறிவிப்பு வரவில்லை என்பதை யாரும் சாக்காக ஏற்க மாட்டார்கள், தபால் நிலை தெரிந்ததுதானே. தபால் நிறுவனமே 2023-இல் திவாலாகாமல் காப்பாற்றும் பிசினஸ் ரெஸ்க்யூ நடவடிக்கைக்குள் போனது, பல கிளைகள் மூடியாச்சு. ஆகவே கடிதத்தை நம்பாமல் டிஸ்கில் உள்ள தேதியை நம்புங்கள். கவுண்டருக்குப் போக முடியாதவர்கள் நேட்டிஸ் என்ற அரசு வாகனப் பதிவு இணையதளத்தில் கட்டி டிஸ்கை வீட்டுக்கே வரவழைக்கலாம். வந்து சேர நாளாகும், எனவே கடைசி வாரத்தில் அந்த வழியில் போக வேண்டாம். வண்டி தவணையில் இருந்தால் பதிவுச் சான்றிதழ் வங்கியிடம் இருக்கும், அப்போதும் டிஸ்க் உங்கள் பொறுப்புதான். பழங்களோ மளிகையோ ஏற்றும் சின்ன வியாபாரிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்கும், ஆள் ஏற்றும் மினிபஸ்ஸுக்கும் வருஷா வருஷம் ரோட்வொர்தி சான்றிதழும் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தருவது) வேண்டும், அது இல்லாமல் டிஸ்க் இல்லை. பிரேக் சரியில்லை, விளக்கு எரியவில்லை என்று சோதனையில் திருப்பி அனுப்பினால் 21 நாள் பறந்துவிடும். காலாவதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே வண்டியைச் சோதனைக்கு விடுங்கள்.

ஓடாத வண்டிக்கு வருவோம். வண்டி நிற்கிறது என்பதால் கட்டணம் நிற்காது, இதைத்தான் மாமாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. இனி ஓடவே ஓடாது, உடைத்துப் போடத்தான் என்றால் ஏடிவி படிவம் கொடுத்துப் பதிவை நீக்க வேண்டும். அதுவரையான பாக்கியைக் கட்டித்தான் நீக்க முடியும், அதனால் என்ஜின் செத்த அன்றைக்கே முடிவெடுப்பது லாபம். "தம்பி ஒரு நாள் சரி பண்ணுவான்" என்று வைத்திருக்கிற வண்டிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. டர்பனில் அப்படி ஒரு கிரெஸிடா இல்லாத தெருவே கிடையாது.

விற்ற வண்டி இதைவிட ஆபத்து. தெரிந்தவர்தானே என்று சாவியையும் காகிதத்தையும் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வோம். வாங்கியவர் 21 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், மாற்றாமல் ஓட்டிக்கொண்டே இருப்பார். கணினியைப் பொறுத்தவரை வண்டி இன்னும் உங்களுடையது, டிஸ்க் பாக்கியும் உங்களுக்கு, கேமரா சீட்டும் உங்களுக்கு. வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் என்சிஓ படிவத்தை, வாங்குகிறவரின் அடையாள அட்டை நகலோடு, நீங்களே லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை போட்ட பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வாங்குகிற பக்கம் நீங்கள் இருந்தால், பேரம் பேசுமுன் கண்ணாடியில் டிஸ்க் தேதியைப் பாருங்கள். பழைய வண்டியைப் பெயர் மாற்ற ரோட்வொர்தி சான்றிதழ் வேண்டும், அது 60 நாள்தான் செல்லும்.

வண்டிக்காரர் இறந்துவிட்டால் வீட்டில் யாரும் இதையெல்லாம் நினைப்பதில்லை. கருமாதி முடிந்து மூன்று மாதம் கழித்து அப்பாவின் பக்கியைப் பெரிய மகன் ஓட்டிக்கொண்டிருப்பான், டிஸ்க் முடிந்திருக்கும். டிஸ்கைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், கூடவே பெயர் மாற்றும் வேலையையும் தொடங்குங்கள். அதற்கு இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும், சொத்து 250,000 ராண்டுக்குள் இருந்தால் நடைமுறை கொஞ்சம் எளிது. அண்ணன் தம்பி யாருக்கு வண்டி என்ற பேச்சு முடியும்வரை காத்திருக்காதீர்கள், நம் வீடுகளில் அது முடியாது.

வீட்டில் இரண்டு மூன்று வண்டி இருந்தால் நான் செய்வது இதுதான். ஒவ்வொரு டிஸ்கின் படத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, காலாவதி மாதத்தின் முதல் தேதிக்கு ஃபோனில் மணி வைத்துவிட்டேன், என் ஃபோனில் மட்டுமல்ல, மனைவி ஃபோனிலும் மகள் ஃபோனிலும். அபராதத்துக்கு நான் பயப்படுவதில்லை, மகள் சாப்பாட்டு மேசையில் "அப்பா, டிஸ்க்?" என்று கேட்பாளே, அதற்குப் பயப்படுகிறேன். அந்த மாதம் கட்டணத்துக்கான பணம் தனியாக ஒரு உறையில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும்.

டிஸ்க் கையில் வந்ததும் வண்டியில் கிளவ் பாக்ஸில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு. கட்டியும் ஒட்டாமல் விட்டால் அதற்கும் சீட்டு எழுதலாம். வெயில் ஏறுவதற்கு முன், காலையில், பழைய பிளேடை விளிம்பில் நுழைத்து மெதுவாக இழுத்தால் பழையது முழுசாக வரும், மதியம் செய்தால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அதைத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர். வெளியே நின்று பார்க்கிறவருக்கு எழுத்துத் தெரியும்படி இடது கீழ் மூலையில் வையுங்கள், தலைகீழாக அல்ல. மாமா இரண்டு முறை தலைகீழாகத்தான் ஒட்டினார்.